சாக்கோடு சேர்த்து இருபத்தொன்று நானூறு

ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று, என் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"இப்பல்லாம் கஞ்சா புடிச்சா மாஜிஸ்திரேட் முன்னாடியே எடை போட்டு, போட்டோ எடுத்து, வீடியோவும் எடுத்து அனுப்புறாங்க மேடம். உங்க காலத்துல எப்படி?" என்றாள் ஒருத்தி.

"எங்க காலத்துல எல்லாம் நம்பிக்கைதான்" என்றேன்.

இருவரும் அதைப் பெருமைக்குரிய விஷயமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்கள். அதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்த நம்பிக்கையால் ஒரு மனிதன் நான்கு மாதம் சிறையில் இருந்தான். அதில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு. காபி கொடுத்து அனுப்பிவிட்டு, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2004-இல் நான் சிதம்பரத்தில் ஒரு குற்றவியல் நீதிமன்றத்தில் தட்டச்சர். வீடு கடலூர் முதுநகரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அங்கே இரண்டு வருஷம் படித்த பாடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: காகிதத்தில் இல்லாதது நடக்கவே இல்லை, காகிதத்தில் இருப்பது கட்டாயம் நடந்திருக்கிறது. இந்தப் பாடத்தின் பின்பாதி எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

கடலூருக்கு மாற்றலாகி வந்தபோது என்னைச் சொத்து எழுத்தராகப் போட்டார்கள். என் மாமியார் அதை ஏதோ நிலபுலன் பார்க்கிற உத்தியோகம் என்று எண்ணிக்கொண்டு தெருவெல்லாம் சொல்லிவிட்டார். வழக்கில் பிடிபட்ட பொருளுக்கு எங்கள் பாஷையில் சொத்து என்று பேர். துருப்பிடித்த அரிவாள், செயின் இல்லாத சைக்கிள், சாராய கேன், ஜோடியைத் தொலைத்த ஒற்றைச் செருப்பு, கஞ்சா மூட்டை. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இவ்வளவுக்கும் நான்தான் பொறுப்பு.

கஞ்சாவின் வாசனை புடவையில் ஏறினால் லேசில் இறங்காது. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"டீச்சரா இருக்கீங்களாம்மா?"

"இல்லங்க, கோர்ட்டு."

"என்ன கேஸு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் அந்தோணி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைக்கும் ஒரு தனி வாசனை உண்டு. "நம்ம ரெண்டு பேரு துணியையும் ஒண்ணா ஊற வெக்காத, வாளி மயங்கிடும்" என்பார்.

என் வேலையின் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் நடந்தது. போலீஸ்காரர் மூட்டையையும் ஒரு படிவத்தையும் கொண்டுவருவார். நான் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரக்கை எடை போட வேண்டும். பதிவேட்டில் 'நிகர எடை' என்று தலைப்பிட்ட கட்டத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் செய்வேன், எடை போடுவதைத் தவிர. எங்களிடம் இருந்த மேடைத் தராசின் முள் ஏழு கிலோவில் சிக்கிக்கொண்டிருந்தது. சாக்கை வைத்தாலும் ஏழு, எடுத்தாலும் ஏழு, ஆபீஸ் உதவியாளர் முருகன் ஏறி நின்றாலும் ஏழு. புதுத் தராசு கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது. அதனால் போலீஸ் படிவத்தில் என்ன எடை இருக்கிறதோ அதையே பார்த்து எழுதிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். தராசு பழுதானபின் என் கையெழுத்துதான் தராசு.

கஞ்சா வழக்கில் எடை என்பது மனிதனின் தலையெழுத்து. ஒரு கிலோ வரை சின்ன அளவு. இருபது கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. நடுவில் இருந்தால் மற்ற வழக்குகளைப்போல நீதிபதி யோசித்து ஜாமீன் கொடுக்கலாம், மறுக்கலாம். இருபதைத் தாண்டிவிட்டால் சட்டம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளும். அரசு வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். அவர் ஆட்சேபித்தால், இந்த ஆள் குற்றம் செய்திருக்க மாட்டான் என்று நம்பக் காரணம் வேண்டும், வெளியே போனாலும் எந்தக் குற்றமும் செய்ய மாட்டான் என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காதபோது நம்புவதற்குக் காரணம் எங்கே போய்த் தேடுவது? பெரும்பாலும் தேடி முடிப்பதற்குள் 'தள்ளுபடி' என்று தட்டச்சாகிவிடும்.

2010-இல் எங்களுக்கு ஒரு புது நீதிபதி வந்தார். ஒல்லியான ஆள். வெந்நீர் மட்டும் குடிப்பார். உத்தரவை முதலில் பென்சிலால் எழுதிப் பார்த்து, அழித்து, திருத்தி, பிறகுதான் சொல்ல ஆரம்பிப்பார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரண நாளில் நான் "என்னம்மா". ஏதாவது தாமதமானால் "ரெஜினா". தப்பு நடந்தால் "மேடம்". முருகன் ஒருநாள் கோப்பை மாற்றி வைத்துவிட்டு "முருகன் சார்" ஆனான், அன்று மதியம் அவனால் சாப்பிட முடியவில்லை. ஒரு வழக்கறிஞர் இல்லாத தீர்ப்பை இருப்பதாகச் சொல்லி வாதாடி, "பெருமதிப்புக்குரிய ஐயா அவர்கள்" வரைக்கும் ஏறிப்போனார். பிறகு ஒரு மாதம் அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

ஜாமீன் மனு வந்தால் அவர் இரண்டு தரப்பையும் முழுக்கக் கேட்பார். பிறகு குற்றம் சாட்டப்பட்டவனின் வீட்டு ஆட்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்பார். வந்திருந்தால் முன்னால் வரச் சொல்லி, தள்ளுபடியானாலும் ஏன் தள்ளுபடி என்று தமிழில் அவர்களுக்கே சொல்லிவிடுவார். வெளியில் போய் யாராவது தப்பாகச் சொல்லிவிடக் கூடாதாம்.

அப்படித்தான் 2011-இல் கலியமூர்த்தியின் மனைவி தனலட்சுமியை முதலில் பார்த்தேன்.

கலியமூர்த்திக்குச் சிதம்பரம் பக்கத்தில் ஒரு கிராமம். குட்டியானை ஓட்டுகிறவர். குட்டியானை என்றால் நான்கு சக்கர லோடு வண்டிதான். தேங்காய், மீன், கல்யாணப் பந்தல் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். ஒரு மத்தியானம் பெல்ட் போட்ட ஓர் ஆள் வந்து, சித்த வைத்தியத்துக்கு மூலிகை, இரண்டு மூட்டை, முதுநகர் வரை போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். மூட்டையை ஏற்றிக்கொண்டு அவனும் முன் சீட்டில் ஏறிக்கொண்டான். புதுச்சத்திரம் தாண்டி ஒரு வாகனச் சோதனை. போலீஸ் கை காட்டியதும் பெல்ட்காரன் கதவைத் திறந்து வயலுக்குள் இறங்கி ஓடிவிட்டான். கலியமூர்த்தி ஓடவில்லை. மூட்டைகளில் கஞ்சா. எடை இருபத்தொரு கிலோ நானூறு கிராம். ஓடாதவர் முதல் குற்றவாளி ஆனார்.

முதல் ஜாமீன் மனுவின்போது நீதிபதி கேட்டார்: "மூட்டையில என்ன இருக்குதுன்னு தெரியாதுன்னு சொல்ற. அவன் ஓடும்போது நீ ஏன் ஓடல?"

"கை பிரேக்கு புடிக்காதுங்க ஐயா. கால எடுத்தா வண்டி உருண்டு போலீஸ் ஜீப்பு மேல ஏறியிருக்கும்."

கூடத்தில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. பென்சிலால் எதையோ எழுதினார். பிறகு தனலட்சுமியை முன்னால் அழைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் சொல்றது பொய்யின்னு நான் சொல்லலம்மா. ஆனா இருபது கிலோவுக்கு மேல போச்சுன்னா, ஒருத்தர் சொல்றது உண்மையா இருக்கலாமேன்னு நெனச்சி விட எனக்கு அதிகாரம் இல்ல. இன்னும் பலமா ஏதாவது வேணும்."

"பலமான்னா யாருங்க ஐயா? எங்க தம்பிய கூட்டிட்டு வரவா?" என்று கேட்டார் அந்தம்மாள்.

மனு தள்ளுபடியானது. கலியமூர்த்தி மத்தியச் சிறைக்குத் திரும்பினார்.

மழைக்காலம் வந்தது. கலியமூர்த்திக்குப் புது வழக்கறிஞர், பர்வீன் என்று பரங்கிப்பேட்டைப் பெண், மூன்று வருஷ அனுபவம். தனக்குக் கிடைத்த மகஜர் கார்பன் பிரதி என்பதால் பாதி அழிந்திருக்கிறது, மூலத்திலிருந்து நல்ல நகல் வேண்டும் என்று மனுப் போட்டார். மகஜர் என்றால் பிடித்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிற அறிக்கை. மூலம் சொத்தோடு வந்து என்னிடம் இருந்தது. தட்டச்சர் சுதா அடித்த நகலை அவள் படிக்க, நான் மூலத்தை வைத்துச் சரிபார்த்தேன்.

"மேற்படி இரண்டு கோணிகளையும் எடை போட்டதில்..." என்று படித்தாள்.

"நில்லு. 'கோணிகளையும் அப்படியே எடை போட்டதில்'. 'அப்படியே'வ விட்டுட்ட."

"அது இல்லாட்டி என்ன மேடம், அர்த்தம் மாறாதே."

"இருக்கறது எல்லாம் இருக்கணும், அடி."

அடித்தாள். நான் முத்திரை குத்தினேன். பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்து போகும்போது உப்பனாற்றுப் பாலத்தில் அந்தச் சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. அப்படியே என்றால் சாக்கோடு. சாக்கின் எடை எங்கே போனது? பதிவேட்டில் நான் 'நிகர எடை' என்ற கட்டத்தில் இருபத்தொன்று நானூறு என்று எழுதியிருக்கிறேன். நிகரம் என்றால் சாக்கு இல்லாமல். நான் எடையும் போடவில்லை, சாக்கையும் பிரிக்கவில்லை. என் பேனாதான் சாக்கைக் கஞ்சாவாக மாற்றியது.

அந்தோணியிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யாராச்சும் உன்ன கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப ஏன் பேசற? அந்தப் பொண்ணு வக்கீலு, அது பாத்துக்கும். உனக்கு சிரஸ்தார் பிரமோஷன் வரப்போவுது. நீ பாட்டுக்கு இரு."

சிரஸ்தார் என்பது எங்கள் அலுவலகத்தில் தலைமை நாற்காலி. அதற்கு நாலு மாதம் இருந்தது. அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நான் பாட்டுக்கு இருந்தேன்.

இரண்டாவது மனு விசாரணைக்கு வந்த நாள் பெஞ்ச் கிளார்க் விடுப்பு. அவர் இடத்தில், நீதிபதியின் மேடைக்குக் கீழே, நான் உட்கார்ந்தேன். என் நேரம் அப்படி.

பர்வீன் நன்றாகவே தயாரித்திருந்தார். 'அப்படியே' என்ற சொல்லைப் படித்துக் காட்டி, சாக்கைக் கழித்தால் இருபதுக்குக் கீழே வர வாய்ப்பிருக்கிறது, அப்படி வந்தால் அந்தக் கடுமையான பிரிவே பொருந்தாது என்றார். நீதிபதி பென்சிலைக் கையில் எடுத்தார்.

எங்கள் அரசு வழக்கறிஞர் எழுந்தார். நல்ல மனிதர், கனத்த குரல், எந்த மனுவையும் சும்மா விடாதவர். "ஐயா, மகஜர் ரோட்டுல வெச்சி எழுதுனது. அதுல ஒரு வார்த்தைய புடிச்சிக்கிட்டு தொங்குறாங்க. இந்த நீதிமன்றத்தோட சொத்துப் பதிவேட்டுலயே நிகர எடை இருபத்தொன்னு நானூறுன்னு இருக்கு. கோர்ட்டே போட்ட எடைக்கு மேல என்ன வேணும்?"

"பதிவேட்ட எடும்மா" என்றார் நீதிபதி.

எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்துத் தேடினார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அது வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க ஐயா."

அவர் பர்வீன் பக்கம் திரும்பினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. நான் உட்கார வேண்டிய இடம் அது. கடைசித் தூணுக்குப் பக்கத்தில் தனலட்சுமி நின்றிருந்தார். கையில் ஒரு துணிப் பை. ஜாமீன் கிடைத்தால் போட்டுக்கொள்ள மாற்றுச் சட்டை கொண்டுவந்திருப்பார் போல. அவர் என்னைப் பார்க்கவில்லை. நீதிபதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நடப்பது எதுவும் அவருக்குப் புரியவில்லை, புரிந்த ஒரே ஆள் நான்தான்.

"ஐயா, கையெழுத்து என்னுது. எடை என்னுது இல்ல" என்றேன்.

நீதிபதி மெல்லத் திரும்பினார். "மேடம், புரியும்படி சொல்லுங்க."

சொன்னேன். தராசு பழுது, மூன்று கடிதம், போலீஸ் படிவத்தைப் பார்த்து எழுதியது, சாக்கைப் பிரிக்காதது, இந்த வழக்கில் மட்டும் இல்லை என்பது, எல்லாம். இடையில் ஏழு கிலோ முள்ளைப் பற்றிச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள், அவர் நிமிர்ந்து பார்த்ததும் நின்றது.

கடைசியில் அவர் சொன்னார்: "திருமதி ரெஜினா அவர்கள் உட்காரலாம்."

அவரைத் தெரிந்த வழக்கறிஞர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு சிரஸ்தார் நாற்காலி கண்ணெதிரே எழுந்து வெளியே நடந்து போவது தெரிந்தது.

மறுநாள் மதியம் இரு தரப்பு முன்னிலையில் எடை போட உத்தரவு. முத்திரையிட்ட தராசு எங்கே கிடைக்கும்? பக்கத்துத் தெரு ரேஷன் கடையில் கேட்டோம். விற்பனையாளர் பக்கிரிசாமி தராசைத் தனியாக அனுப்ப மறுத்து, அதைப் பிள்ளையைப்போலத் தூக்கிக்கொண்டு தானே வந்துவிட்டார். "மெஷினுக்கு நான்தாங்க பொறுப்பு. அது எங்க போவுதோ அங்க நானும் போவேன்."

அரசு வழக்கறிஞர் முதலிலேயே ஓர் ஆட்சேபணை வைத்தார். "ஐயா, நாலு மாசத்துல சரக்கு காஞ்சிருக்கும். இப்ப எடை போட்டா கொறைச்சலாத்தான் காட்டும்."

அது சரியான வாதம். நீதிபதி யோசித்தார். "சரக்க யாரு எடை போடச் சொன்னா? சாக்க மட்டும் எடை போடுங்க. அன்னைக்குப் போட்ட எடை நமக்குத் தெரியும். சாக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சா போதும், கழிச்சிக்கலாம்."

சீலை உடைத்து, தார்ப்பாயில் சரக்கைக் கொட்டினோம். அரசு வழக்கறிஞருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. மூட்டை ஒவ்வொன்றும் சாக்குக்குள் சாக்காக இருந்தது. வாசனை வெளியே வராமல் இருக்க இரட்டையாகப் போட்டு, நடுவில் பிளாஸ்டிக் உறையும் வைத்திருந்தார்கள். ஆக நான்கு சாக்கு, இரண்டு உறை, கட்டிய கயிறு. பக்கிரிசாமி நீதிமன்றம் என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சொன்னார்:

"சாக்கு எடைய கழிக்காம அரிசி போட்டா சனங்க என்னைய கடையில வெச்சே அடிச்சிப்புடுவாங்க. நீங்க எப்படிங்க ஒரு ஆள உள்ள போட்டீங்க?"

எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்தார். நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிலோ அறுநூறு.

"ஐயா, சொத்து அறை ஒழுகுது. சாக்கு ஈரம்" என்றார் அரசு வழக்கறிஞர், தும்மலுக்கு நடுவில். தொட்டுப் பார்த்தால் உண்மைதான். அதனால் நீதிமன்ற வரலாற்றில் முதல்முறையாக, நான்கு காலிச் சாக்குகளை வளாகத்தில் வெயிலில் காயப்போட்டு, இரண்டு கான்ஸ்டபிள்கள் காவல் இருந்தார்கள். வந்துபோனவர்கள் எல்லாம் அவை என்ன குற்றம் செய்தன என்று கேட்டார்கள். அடுத்த நாள் மதியம் மொறமொறவென்று காய்ந்தபின் உறையும் கயிறும் சேர்த்து மறுபடி எடை. இரண்டு கிலோ இருநூற்றைம்பது.

இருபத்தொன்று நானூறில் இரண்டேகாலைக் கழித்தால் பத்தொன்பது கிலோ நூற்றைம்பது.

நீதிபதி பென்சிலால் கழித்துப் பார்த்தார். அழித்துவிட்டு இன்னொரு தடவை கழித்தார். பிறகு சொன்னார்: "இருபதுக்குக் கீழ வந்துட்டதால, இப்பத்தான் கை பிரேக் கதைய கேக்க சட்டம் என்னை விடுது." போக்குவரத்து ஆய்வாளர் கொடுத்த வாகன அறிக்கையைக் கேட்டு வாங்கினார். அது கோப்பில் நாலு மாதமாக இருந்தது. மூன்றாவது வரியில், கை பிரேக் செயல்படவில்லை என்று இருந்தது.

முன் வழக்கு இல்லை, நிலையான முகவரி இருக்கிறது, சொன்ன கதைக்கு ஒரு துணுக்கு ஆதாரமும் இருக்கிறது. ஜாமீன் கொடுத்தார். இரண்டு ஜாமீன்தாரர்கள், மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது, மறு உத்தரவு வரும்வரை எல்லா வேலை நாளும் காலை பத்தரைக்கு நீதிமன்றத்தில் கையெழுத்து.

ஜாமீன்தாரராக வந்தவர்களில் ஒருவர் தனலட்சுமியின் தம்பி தண்டபாணி, முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். நீதிபதி அவரை விசாரித்தார்.

"இவர எத்தன வருஷமா தெரியும்?"

"எங்க அக்காவ கட்டுனதுலேந்து தெரியுங்க."

"ஓடிப்போனா நீங்கதான் பதில் சொல்லணும், தெரியுமா?"

"மாமா ஓட மாட்டாருங்க ஐயா. ஓடத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடியிருப்பாரு."

நீதிபதி கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சற்று நேரம் படித்தார். கோப்பு தலைகீழாக இருந்ததை நான் பார்த்தேன்.

சாயங்காலம் தனலட்சுமி என் மேஜைக்கு வந்தார். "அன்னைக்கு நீங்க ஏதோ சொன்னீங்களே, எல்லாரும் உங்களையே பாத்தாங்க. என்னம்மா சொன்னீங்க?"

"நான் தப்பு பண்ணேன்னு சொன்னேன். உங்க வீட்டுக்காரர் மூட்டைய எடை போடாமலே எடை எழுதிட்டேன்."

கையிலிருந்த பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"நாலு மாசம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. எனக்கு எது வந்திருந்தாலும் அதைவிட லேசாக இருந்திருக்கும்.

எனக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன், பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது, சிரஸ்தார் பதவி ஒரு வருஷம் தள்ளிப்போனது. மூன்று கடிதத்துக்கு வராத தராசு நீதிபதியின் ஒரு கடிதத்துக்கு ஒரே வாரத்தில் வந்தது. அறையில் இருந்த மற்ற மூட்டைகளையும் பிரித்து எடை போட்டோம், வேறு யாருக்கும் அளவு மாறவில்லை. அதை எழுதி முடித்த அன்றுதான் எனக்குச் சரியான தூக்கம் வந்தது. அந்தோணி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எட்டாவது நாள், "அந்த ரேஷன் கடைக்காரரு என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டுச் சிரித்தார்.

பெல்ட்காரன் அடுத்த வருஷம் வேறொரு வழக்கில் பிடிபட்டான். 2012 முடிவதற்குள் கலியமூர்த்தியின் வழக்கும் விசாரணைக்கு வந்து, மூட்டையில் இருந்தது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையானார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது தீர்ப்பு நாள் இல்லை. 2011 டிசம்பர் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு, புத்தாண்டு விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்த நாள்.

கடலூரில் கரண்ட் இல்லை, போன் இல்லை, தெருவில் தெரு தெரியவில்லை. முதுநகரிலிருந்து மரங்களுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கி நடந்தே போனேன். அலுவலகத்தில் நானும் முருகனும் இன்னும் மூன்று பேரும். நீதிபதி ஒரு கான்ஸ்டபிளின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். உள்ளே இருட்டு என்பதால் வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. "கலியமூர்த்தி வந்தாரா?" என்றார். இல்லை. ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம்.

ஒரு மணி தாண்டி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையெல்லாம் மரத்தூள், கையில் அரிவாள். கான்ஸ்டபிள் எழுந்துவிட்டார்.

"இது மரத்துக்குங்க" என்று அரிவாளைக் கீழே வைத்தார் கலியமூர்த்தி. "விடியறப்பவே சைக்கிள்ல கெளம்பிட்டேன் ஐயா. ரோடெல்லாம் மரமா கெடக்கு. வெட்டிக்கிட்டிருந்தவங்களோட சேந்து நானும் வெட்டி, வழிய வுட வுட கொஞ்சம் கொஞ்சமா வந்தேன். திரும்பிப் போவவும் இன்னும் வெட்டணும். நாளைக்கும் லேட்டுதான் ஆவும்."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் நேரத்தை எழுதினேன். நீதிபதி சொன்னார், "பத்து நாளைக்குக் கையெழுத்துலேந்து விலக்கு குடுக்கலாம். ஆனா அரசு வக்கீலக் கேக்காம உத்தரவு போட முடியாதே. அவரு எங்க?"

"அவரு வீட்டு கேட்டுக்குக் குறுக்கால தூங்குமூஞ்சி மரம் விழுந்து கெடக்குங்க ஐயா. வெளிய வர முடியல. வர்ற வழியில பாத்தேன், ஜன்னல்ல நின்னாரு" என்றான் முருகன்.

நீதிபதி வெந்நீர் பிளாஸ்கைத் திறந்தார். யாரும் யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. கலியமூர்த்தி மட்டும் முருகனிடம் மெதுவாக, "எந்தத் தெரு?" என்று கேட்டார். அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். நீதிபதி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி, சாய்ந்து கிடந்த கொடிக்கம்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு அரசு வழக்கறிஞர் நடந்து வந்தார். கோட்டு போட்டிருந்தார், கால்சட்டை முழங்கால் வரை சேறு. அவருக்குப் பத்தடி பின்னால் கலியமூர்த்தி. இருவரும் ஒன்றாக வந்ததாகத் தெரியக் கூடாது என்று நடுவில் அந்த இடைவெளி.

நீதிபதி கேட்டார். "மனுதாரருக்குப் பத்து நாள் விலக்கு. உங்க தரப்புல ஆட்சேபணை உண்டா?"

"உண்டுங்க ஐயா" என்றார் அரசு வழக்கறிஞர்.

கலியமூர்த்தியின் முகம் விழுந்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"பத்து நாள் பத்தாது. பதினஞ்சா குடுங்க. எங்க தெருவுல மட்டும் இன்னும் ஏழு மரம் கெடக்கு."